தூங்கத் தெரியாத கணினி



2008ஆம் வருடம். தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. பழைய லேப்டாப்பில் காலாண்டுத் தேர்வு வினாத்தாள் தட்டிக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. ஒரு மணி நேரத்துக்குள் பேட்டரியும் தீர்ந்தது. சேமிக்காத இரண்டு பக்கம் போயே போச்சு.

இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த என் பழைய மாணவன் வந்து பார்த்தான். "சார், உங்க லினக்ஸ்ல கெர்னல் ரொம்பப் பழசு. புதுசா கட்டித் தரேன்" என்றான்.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் கரு. லினக்ஸ் கெர்னலை ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கினார். அதன் மூல நிரலை யாரும் எடுத்து, வேண்டியதை மட்டும் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம்.

அன்று அவன் சொன்ன வரலாறு இது. 1992இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் ஏ.பி.எம். என்ற மின்சிக்கன முறையைக் கொண்டுவந்தன. அதில் பெரும்பாலும் முடிவெடுப்பது பயாஸ். இயங்குதளம் என்ன வேலையில் இருக்கிறது என்பது அதற்குச் சரியாகத் தெரியாது. 1996 டிசம்பரில் இவ்விரண்டோடு தோஷிபாவும் சேர்ந்து ஏ.சி.பி.ஐ. முறையை வெளியிட்டன. முடிவெடுக்கும் அதிகாரம் இயங்குதளத்தின் கைக்கு வந்தது.

அதிகாரம் வந்தால் போதுமா? கெர்னலுக்கே தூங்கத் தெரியவில்லையே! சாதாரண பி.சி.க்களில் லினக்ஸ் 2.4 கெர்னல் நொடிக்கு 100 முறை பிராசஸரைத் தட்டி எழுப்பும். 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னல் 1000 முறை எழுப்பியது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படித்தான். தூங்குகிற பிள்ளையை உலுக்கி, "தூங்குறியா?" என்று கேட்பது மாதிரி.

2007 ஏப்ரலில் வந்த 2.6.21இல்தான் இதற்கு வழி பிறந்தது. அடுத்த வேலை எப்போது என்று பார்த்து, அதுவரைக்கும் அலாரம் வைத்துவிட்டுத் தூங்கு என்பதே அந்த ஏற்பாடு.

மாணவன் மெனுவைத் திறந்து அந்த வசதியையும் ஏ.சி.பி.ஐ.யையும் தேர்ந்தெடுத்தான். என் லேப்டாப்பில் இல்லாத கருவிகளுக்கான நிரல்களை நீக்கினான். 'மேக்' என்று கட்டளை கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். கட்டி முடிய நள்ளிரவு தாண்டியது.

அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. பேட்டரி கால் மணி நேரம் கூடுதலாக நின்றது, அவ்வளவுதான். ஆனால் கரண்ட் போன பிறகு ஒரு வினாத்தாளை முடித்து, சேமித்து, மூடி வைக்க அந்தக் கால் மணி போதும். அடுத்த முறை எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இன்று உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசிக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். ராத்திரி தலைமாட்டில் வைத்த போன் காலையில் சார்ஜோடு இருந்தால், அதைத் தூங்கப் பழக்கியவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.