மகனுக்குப் பாட்டு, அப்பாவுக்குப் பாக்கி (செஞ்சித் தொடர் – 14)

கடலி வெளிச் சண்டையில் செஞ்சி ராஜா தேசிங்கு விழுந்த கதையை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். அவன் அப்பா சொரூப்சிங் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

திண்டிவனத்தில் செஞ்சி பஸ் ஏறி, பக்கத்தில் இருப்பவரிடம் தேசிங்கு என்று சொல்லிப் பாருங்கள். தீவனூர் வருவதற்குள் அவர் பாராசாரிக் குதிரையில் ஏறிவிடுவார். நண்பன் மொகபத்கான் கல்யாணப் பந்தலை விட்டு ஓடிவந்ததும், மனைவி ராணிபாய் தீயில் இறங்கியதும் விழுப்புரம் ஜில்லாவில் யாருக்குத் தெரியாது? சொரூப்சிங் யார் என்று கேளுங்கள். பஸ் செஞ்சி போய்ச் சேர்ந்துவிடும், பதில் வராது.

கதைப்பாட்டு அவருக்குச் செய்த அநியாயம் கொஞ்சமல்ல. டில்லி பாதுஷாவின் முரட்டுக் குதிரையை அடக்கப் போகிறார் அப்பா. முடியாமல் சிறையில் கிடக்கிறார். மீசை முளைக்காத மகன் போய்க் குதிரையை அடக்கி மீட்டு வருகிறான். மகனைக் குதிரையில் ஏற்றுவதற்காகக் கிழவரைக் கீழே தள்ளிவிட்டார்கள்.

நிஜ சொரூப்சிங் புந்தேலா ராஜபுத்திரர், ஔரங்கசீப் படையில் பழுத்தவர். 1698-ல் மொகலாயத் தளபதி சுல்பிகர்கான் செஞ்சியைப் பிடித்தாரே, அதற்குப் பிறகு கோட்டையின் கில்லேதாராக வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. 1710-ல் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டை ஆங்கிலேயரோடு பணத் தகராறு. (அந்தக் கோட்டையை 1690-ல் மராட்டியரிடம் வாங்கியபோது, பீரங்கி சுட்டுக் குண்டு விழுந்த தூரம்வரை கும்பினிக்கு என்று பேச்சு. 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் அப்படி வந்தது. இதற்கே தனியாக ஒரு வாரம் வேண்டும்.) சொரூப்சிங் வக்கீல் நோட்டீஸா அனுப்புவார்? கும்பினி அதிகாரிகள் இருவரைப் பிடித்து வந்து செஞ்சியில் அடைத்தார். வயல்கள் எரிந்தன, சண்டை இழுத்தடித்தது. கடைசியில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் நடுவில் புகுந்துதான் சமாதானம் செய்துவைத்தார்கள். பின்னாளில் நவாபுகளையே ஆட்டிவைத்த கும்பினியை அலறவிட்ட மனுஷர் இவர்!

ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானுக்கும் அவர் லேசில் மசியவில்லை. கப்பம் வருஷக்கணக்கில் பாக்கி. ஔரங்கசீப் 1707-ல் போனபின் டில்லியில் கேட்க ஆளில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆற்காட்டுக்கும் தெரியும். பாட்டு நவாபை அரக்கனாக்குகிறது. எனக்கு அவர் பாக்கி வசூலுக்கு வந்த மனுஷராகத்தான் தெரிகிறார்.

1714-ல் சொரூப்சிங் செஞ்சியிலேயே கண்ணை மூடினார். புந்தேல்கண்டிலிருந்து மனைவியோடு கிளம்பி வந்த மகன், அப்பாவை உயிரோடு பார்க்கவில்லை. டில்லிச் சிறையும் இல்லை, மீட்புமில்லை. தேஜ்சிங், நம் நாக்குக்கு தேசிங்கு. வயது இருபத்திரண்டு சொச்சம். காரியம் செய்தான், கோட்டையில் உட்கார்ந்தான். ஔரங்கசீப் அப்பாவுக்குக் கொடுத்த நியமன பர்மான் தனக்கும் செல்லும் என்று நம்பினான். அது செல்லாது, புதிதாக வாங்க வேண்டும் என்று அப்பாவின் காரியஸ்தரே சொல்லியும் கேட்கவில்லை. நவாப் பழைய பாக்கியைக் கேட்டார். அப்பா சாமர்த்தியமாகத் தள்ளிப்போட்ட கணக்கு, மகன் தலையில் விடிந்தது.

அதே வருஷம் அக்டோபரில் சில நூறு குதிரைகளோடு நவாபின் ஆயிரக்கணக்கான வீரர்கள் முன் போய் நின்றான். அது வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் சொரூப்சிங் இருந்திருந்தால் பாதிப் பணம் கட்டி, மீதிக்குத் தவணை கேட்டிருப்பார் என்பது என் கட்சி.

பக்கம் தீர்ந்துவிட்டது. கடலியும், முகம் திருப்பிக்கொண்ட சிங்கவரம் அரங்கநாதரும் அடுத்த வாரம். இந்த முறை சத்தியமாக.