பட்டா கட்டிய சக்கரமும் பாலாற்றங்கரைத் தோலும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் தொழிலின் வரலாற்றை ரயிலிலிருந்து தொடங்குவதே வழக்கம். 1856 ஜூலை 1-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. பாதை பிறகு பாலாற்றை ஒட்டி ஜோலார்பேட்டை வரை நீண்டது. பதனிட்ட தோல் சென்னைக்குப் போய்க் கப்பலேறியது. வெளியூர்ப் பச்சைத்தோலையும் ரயில் கொண்டுவந்தது என்று வாதிடுவோர் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் தோலைப் பதனிட ஆவாரம்பட்டை வேண்டும், கடுக்காய் வேண்டும். ஆவாரை கரம்பு நிலங்களில் சிதறி வளரும் செடி. கடுக்காய் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கியாக வேண்டும். பதனிட்ட தோலின் எடையைவிட அதற்குச் செலவான பட்டையின் எடை அதிகம். பேரணாம்பட்டுக்கோ ரயில் பாதையே கிடையாது. ஆனாலும் அங்கே டேனரிகள் பெருகின. ரயில் எட்டாத இடங்களிலிருந்து பட்டையும் கடுக்காயும் சுமந்து, ஊருக்கு ஊர் பரவிய இந்தத் தொழிலைத் தாங்கியது மாட்டு வண்டிதான். ஆகவே அதன் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா கட்டிய கொல்லருக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு என்பேன்.

அந்த வேலையின் நுட்பம் சாதாரணமானதல்ல. இரும்புப் பட்டாவை வட்டையின், அதாவது சக்கரத்தின் மர விளிம்பின், சுற்றளவைவிடச் சற்றுக் குறைத்தே வளைத்து ஒட்டுவார்கள். வறட்டி அடுக்கித் தீ மூட்டி அதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சுவார்கள். ஐந்தடி விட்டமுள்ள சக்கரத்தின் பட்டா, அறுநூறு டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுற்றளவில் ஓர் அங்குலத்துக்கு மேலாகவே விரியும். நாலைந்து பேர் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்கி, மரம் கருகிப் புகையும்போதே தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கச் சுருங்க வட்டையின் துண்டுகள் நெருங்கும், ஆரக்கால்கள் நடுக் குடத்துக்குள் அழுந்தும். அளவு கூடினால் பட்டா கழன்றுவிடும். மிகவும் குறைந்தால் ஆரக்கால் வளையும். கோடையில் மரம் காய்ந்து பட்டா தளர்ந்தால், கழற்றி அளவு குறைத்து மறுபடி கட்டியாக வேண்டும். இன்று மணலில் ஓட்டக் காற்றைக் குறைத்த ஜீப் டயர், ரிம்மைவிட்டுக் கழலாதிருக்க அதன் விளிம்பை வளையம் வைத்து போல்ட்டுகளால் இறுக்குகிறார்கள். போல்ட் செய்யும் அந்த வேலையை அன்று சூடும் தண்ணீருமே செய்தன.

இரும்புப் பட்டா சாலையை அறுத்தது, மணலில் புதைந்தது, மாட்டை வதைத்தது என்பார்கள். உண்மைதான். பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் என்.எஸ்.ராமசாமி வண்டிகளைச் சீர்திருத்த வேண்டுமென்று பல ஆண்டுகள் போராடியதும் இதனால்தான். காற்றடைத்த டயர் வண்டி அதே மாட்டைக் கொண்டு அதிகப் பாரம் இழுத்தது. அதை வரவேற்காமல் இருக்க முடியாது. ஆனால் இந்த வட்டாரத்தில் பட்டாவை ஓரங்கட்டியது ரப்பர் மட்டும் என்று சொன்னால் பாதிக் கதைதான். ஆல்பிரட் சாட்டர்டன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் சோதித்த குரோம் பதனிடுமுறை, 1970-களில் அரசு அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபின் இங்கே வேகமாகப் பரவியது. பட்டைக்குப் பதிலான குரோம் உப்பு லாரியில் மூட்டையாக வந்து இறங்கியது. கரம்பு கரம்பாகப் போய்ப் பட்டை ஏற்றிவந்த வண்டிகளுக்குப் பாரமே குறைந்துபோனது.