வந்த வேலை முடிந்ததும் விடைபெறும் கத்தரி

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நல்லதே ஆனாலும் அளவுக்கு மேல் தங்கக் கூடாது. மரபணுவைத் திருத்தும் அறிவியல் இந்தப் பாடத்தைப் படித்துத் தேறியபோதுதான் நொதியையே நேராக உயிருள்ள செல்லுக்குள் அனுப்பும் முறை பிறந்தது.

2012இல் ஜெனிஃபர் டௌட்னாவும் இமானுவேல் ஷார்பென்டியேவும் காஸ்9 என்ற நொதியைக் கத்தரியாகப் பயன்படுத்தலாம் என்று சோதனைக் குழாயில் காட்டினார்கள். தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து எடுத்த நொதி அது. கூடவே இருக்கும் வழிகாட்டி ஆர்.என்.ஏ. காட்டும் இடத்தில் டி.என்.ஏ.வை வெட்டும். அடுத்த ஆண்டே மனித செல்களிலும் அது வெட்டியது.

ஆனால் அப்போது செல்லுக்குள் போனது கத்தரி அல்ல, கத்தரி செய்யும் குறிப்பு. நொதிக்கான மரபணுவை ஒரு டி.என்.ஏ. வளையத்தில் வைத்து அனுப்பினார்கள். செல் அதைப் படித்து, நொதியைத் தானே தயாரித்துக்கொண்டது. தொல்லை அங்கேதான் தொடங்கியது. குறிப்பு உள்ளே இருக்கும்வரை நாட்கணக்கில் நொதி உருவாகிக்கொண்டே இருக்கும். வெட்ட வேண்டிய இடத்தை வெட்டிய பிறகும் சும்மா இராமல், அதைப் போலவே தோன்றும் வேறு இடங்களிலும் வெட்டும். அனுப்பிய டி.என்.ஏ.வின் துண்டு நம் குரோமோசோமிலேயே ஒட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு.

அப்படியானால் நொதியையே அனுப்பிவிடலாமே? செல்லைச் சுற்றியிருக்கும் கொழுப்புப் படலம் பெரிய புரதங்களை எளிதில் உள்ளே விடாது. காஸ்9 மிகப் பெரிய புரதம். 1,368 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி.

அந்தக் கதவு திறக்கும் என்பதற்கான முதல் தடயத்தைத் தந்தது எச்.ஐ.வி. வைரஸ். அதன் டாட் என்ற புரதம் யார் உதவியும் இல்லாமல் செல்லுக்குள் நுழைவதை 1988இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகக் கண்டன. இன்னொரு வழி அதற்கும் முன்பே கிடைத்திருந்தது. ஒரு நொடிக்கும் குறைவான மின் அதிர்வு கொடுத்தால் படலத்தில் நுண்துளைகள் திறந்து, பிறகு மூடிக்கொள்ளும். 1982இல் எபர்ஹார்ட் நியூமன் குழு அப்படித்தான் எலி செல்களுக்குள் மரபணுவைச் செலுத்தியது.

2012இல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தில் கார்லோஸ் பார்பாஸ் குழு, துத்தநாக விரல் நொதி என்ற பழைய தலைமுறைக் கத்தரியைப் புரதமாகவே செல்களின் மேல் ஊற்றிப் பார்த்தது. அது தானாக உள்ளே போய் மரபணுவை வெட்டியது. 2014இல் தென்கொரியாவின் ஜின்-சூ கிம் குழு, சுத்திகரித்த காஸ்9ஐயும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வையும் வெளியிலேயே சேர்த்து, மின் அதிர்வால் மனித செல்களுக்குள் செலுத்தியது. நொதி போன கையோடு வெட்டியது. பழைய புரதங்களைச் சிதைத்து அகற்றும் ஏற்பாடு ஒவ்வொரு செல்லிலும் உண்டு. வேலை முடித்த நொதியையும் செல் அப்படியே விரைவில் அகற்றிவிட்டது. தவறான வெட்டுகள் குறைந்தன. டி.என்.ஏ. வளையம் அனுப்பியதோடு ஒப்பிட்டால், பிழைத்து வளர்ந்த கரு ஸ்டெம் செல் கூட்டங்கள் இரு மடங்குக்குக் குறையாமல் இருந்தன.

மின் அதிர்வு, உடலிலிருந்து வெளியே எடுத்த செல்களுக்குச் சரி. உடலுக்குள்ளேயே இருக்கும் செல்லுக்கு? ஹார்வர்டின் டேவிட் லியூ குழு கண்ட விடை எளிமையானது. வழிகாட்டி ஆர்.என்.ஏ.வுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. அதைச் சுமந்திருக்கும் காஸ்9ஐ, டி.என்.ஏ.வைப் பொதிந்து கொண்டுபோகும் நேர்மின்னூட்டக் கொழுப்பே பொதிந்து கொண்டுபோகும். 2018இல் அதே கொழுப்புப் பொதியை, பரம்பரைச் செவிட்டுத்தன்மை கொண்ட எலிக்குட்டிகளின் உட்காதில் செலுத்தினார்கள். செவித்திறன் மங்குவது குறைந்தது. அந்த எலி வகையின் பெயர் பீத்தோவன்.

2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும், ஹீமோகுளோபின் கோளாறால் வரும் அரிவாள் செல் நோய்க்கான கேஸ்ஜெவி சிகிச்சையை அனுமதித்தன. நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, காஸ்9 நொதியை மின் அதிர்வால் உள்ளே செலுத்துகிறார்கள். கருவில் இருந்தபோது சுரந்த ஹீமோகுளோபினைப் பிறந்த பின் அடக்கிவைக்கும் மரபணு ஒன்று உண்டு. ரத்த செல்களில் அதை இயக்கும் விசையை நொதி வெட்டுகிறது. நொதி மறைந்துவிடுகிறது, செய்த திருத்தம் நிலைக்கிறது. திரும்ப உடலுக்குள் போகும் செல்கள் அந்தப் பழைய ஹீமோகுளோபினை மறுபடி சுரக்கின்றன.

இந்தியாவில் அரிவாள் செல் முதலில் பதிவானது நம் நீலகிரியில். 1952இல் லேமனும் கட்புஷும் அங்குள்ள பழங்குடி மக்களிடம் அதைக் கண்டார்கள். இன்று கேஸ்ஜெவிக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் விலை ஒரு நோயாளிக்கு 22 லட்சம் டாலர். செல்லின் படலத்தைக் கடந்துவிட்ட நொதி, இந்த விலையைக் கடந்து மலையேற வேண்டும். நம் ஆய்வுக்கூடங்களும் அரசுகளும் அதைத் தங்கள் கடமையாக ஏற்க வேண்டும்.