மழைப்பருவமும் பள்ளிப்பருவமும்: கலிபோர்னியப் பள்ளித் தோட்டங்களின் வரலாறு

தென் கலிபோர்னியாவில் மழை குளிர்காலத்தில்தான் பெய்யும். நவம்பரை ஒட்டித் தொடங்கி மார்ச்சுக்குப் பின் ஓய்ந்துவிடும் அம்மழையை அடுத்து, கோடை முழுவதும் வானம் வறண்டே கிடக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 370 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெறும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் இந்த எல்லையை மீறி வளர முடிந்ததற்குக் காரணம், 1913இல் ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்தும் 1941இல் கொலராடோ ஆற்றிலிருந்தும் நெடுந்தொலைவு கடந்து வந்து சேர்ந்த கால்வாய் நீரே ஆகும். ஈரம் மிகுந்த இங்கிலாந்தில் உருவான புல்வெளி வழக்கம், வறண்ட இந்நிலத்தின் வீட்டு முற்றங்களிலும் பள்ளி முகப்புகளிலும் நிலைபெற்றதும் அந்நீரால்தான். மாணவர்கள் அப்புல்லை அகற்றி இயல் தாவரங்களை, அதாவது ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன்பிருந்தே அம்மண்ணில் தாமாக வளர்ந்துவந்தவற்றை, நடத் தொடங்கியதை இந்த நீர் வரலாற்றோடு சேர்த்தே விளங்கிக்கொள்ள இயலும்.

அமெரிக்கப் பள்ளித் தோட்டங்களின் தொடக்கமாகப் பெரும்பாலும் சுட்டப்படுவது, பாஸ்டன் நகரின் ராக்ஸ்பரி பகுதியில் ஜார்ஜ் புட்னம் பள்ளியில் ஹென்றி லிங்கன் கிளாப் 1891இல் அமைத்த தோட்டமாகும். இயற்கையை நேரில் கண்டு கற்பதே நோக்கமாக இருந்ததால், அங்கு முதலில் இடம்பெற்றவை காட்டுப் பூச்செடிகளும் பெரணிகளும்தாம். முதல் உலகப் போர் இந்நோக்கத்தை மாற்றியது. கூட்டாட்சி அரசு உருவாக்கிய ‘பள்ளித் தோட்டப் படை’ சிறுவர்களை உணவு விளைவிப்போராக்கியதால், பள்ளித் தோட்டம் என்றாலே காய்கறிப் பாத்தி என்ற எண்ணம் வேரூன்றியது. 1995இல் கலிபோர்னியக் கல்வித்துறைத் தலைவர் டிலேன் ஈஸ்டின் ‘ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு தோட்டம்’ என்று அறிவித்தபோதும் உணவும் ஊட்டச்சத்துமே முதன்மை பெற்றன. ஆனால் தக்காளி, மக்காச்சோளம் போன்ற கோடைப் பயிர்களுக்குத் தண்ணீர் மிகுதியாகத் தேவைப்படும் மாதங்களே பள்ளியில் ஆளில்லாத விடுமுறை மாதங்களாகவும் இருந்தன.

இயல் தாவரங்களின் மதிப்பை உணர்த்தும் முயற்சி பள்ளிக்கு வெளியே நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தில் பிறந்து 1893இல் கலிபோர்னியா வந்த தியோடர் பெய்ன், 1903இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நாற்றங்கால் தொழிலைத் தொடங்கி, அழிந்துவந்த காட்டுப் பூக்களின் விதைகளைச் சேகரித்து விற்றார். 1915இல் எக்ஸ்பொசிஷன் பூங்காவில் 262 வகைத் தாவரங்களைக் கொண்ட தோட்டத்தையும் அமைத்தார். இந்த ஆர்வம் நீர்ச் சிக்கனத்தோடு உறுதியாக இணைந்தது பிற்காலத்திலேயே. 1981இல் டென்வர் நகர நீர் வாரியம், வறட்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு ‘ஸீரிஸ்கேப்’ என்ற பெயரைச் சிக்கன நீர்த் தோட்டக்கலைக்குச் சூட்டியது. கடும் வறட்சி நிலவிய 2015 ஏப்ரலில் கலிபோர்னிய ஆளுநர் ஜெர்ரி பிரவுன் நகர்ப்புற நீர்ப் பயன்பாட்டை 25 விழுக்காடு குறைக்க ஆணையிட்டபோது, அலங்காரப் புல்வெளி பொறுப்பின்மையின் அடையாளமாகவே பார்க்கப்பட்டது.

பள்ளிக்கு இயல் தாவரத் தோட்டம் பொருந்துவதற்கு நீர்ச் சிக்கனத்தைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. மான்சனிட்டா, சியனோத்தஸ், வெண் சேஜ் முதலிய செடிகள் மழையோடு வளர்ந்து, வசந்தத்தையொட்டிப் பூத்து, கோடையில் வளர்ச்சியை அடக்கிக்கொள்கின்றன. ஆகவே கல்வியாண்டு தொடங்கியபின் இலையுதிர்காலத்தில் நட்டு, மரச்சிம்புகளால் மூடாக்கு இட்டு, தேர்வுக்காலத்துக்கு முன்பே பூவைக் கண்டுவிடும் வாய்ப்பு மாணவர்க்குக் கிடைக்கிறது. வேரூன்றும்வரை முதல் ஓரிரு கோடைகளில் மட்டும் அளவோடு நீர் விட வேண்டும். அதன்பின் வெப்பக் காலத்தில் அடிக்கடி ஊற்றப்படும் நீர் இவற்றுட் பலவற்றின் வேரை அழுகச் செய்துவிடும். வறண்ட நிலத்துக்கு நீரைக் கொண்டுவருவதே திறமை என்று நம்பி வளர்ந்த ஒரு சமூகத்தின் பிள்ளைகள், விடுமுறை முடிந்து திரும்பிப் பழுப்பேறி நிற்கும் செடியைக் கண்டும் நீர்க்குழாயைத் திறக்காதிருக்கக் கற்பதே இத்தோட்டத்தின் அரிய பாடமாகும்.