சார்ல்ஸ் கில்பின்: ஒரு சொல்லை ஏற்க மறுத்த நடிகர்

நாடகம் எழுதியவரின் பெயர் நூலில் நிலைபெற்றுவிடுகிறது. நடித்தவரின் புகழோ திரை விழுந்ததும் மங்கத் தொடங்குகிறது. அமெரிக்க நாடக மேடையில் புதுவழி திறந்த கறுப்பின நடிகர் சார்ல்ஸ் கில்பினின் வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

அடிமை முறை ஒழிந்து பதின்மூன்று ஆண்டுகளே கழிந்திருந்த 1878இல், வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் அவர் பிறந்தார். வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைப் பகடி செய்த கூத்துகள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. கலை மட்டும் சோறு போடவில்லை. அச்சுத் தொழிலாளியாகவும் மின்தூக்கி இயக்குபவராகவும் உழைத்துக்கொண்டே அவர் நடித்து வந்தார். சிகாகோவின் பெக்கின் அரங்கிலும், பின்னர் நியூயார்க் ஹார்லெமின் லாஃபயெட் அரங்கிலும் கறுப்பின நாடகக் குழுக்களில் தம் திறனைத் தீட்டிக்கொண்டார். 1919இல் 'ஆபிரகாம் லிங்கன்' நாடகத்தில் ஏற்ற சிறு வேடம் அவரைப் பிறர் அறியச் செய்தது.

1920 நவம்பரில் யூஜீன் ஓநீலின் 'பேரரசர் ஜோன்ஸ்' அரங்கேறியது. தீவொன்றில் அரசனாகிவிட்ட முன்னாள் சிறைக்கைதி, குடிமக்கள் கிளர்ந்தெழவே காட்டுக்குள் ஓடுகிறான். மனித நாடித் துடிப்பின் வேகத்தில் தொடங்கும் முரசொலி வரவர விரைகிறது. நாடகத்தின் பெரும்பகுதியை ஒருவரே தாங்கவேண்டும். கில்பின் தாங்கினார், நியூயார்க் நகரமே வியந்தது.

அவ்வாண்டில் நாடகக் கலைக்குப் பெருந்தொண்டாற்றிய பத்துப் பேருள் ஒருவராக நாடகக் கழகம் அவரைத் தேர்ந்தது. ஆயினும், கறுப்பர் ஒருவரை விருந்தில் அமர்த்துவதா என்று எதிர்ப்பு எழுந்தது. சக கலைஞர்கள் அவருக்காகக் குரல் கொடுத்தனர். 1921இல் அவ்விருந்தில் அவர் தலைநிமிர்ந்து அமர்ந்தார். அவ்வாண்டே ஸ்பிங்கார்ன் பதக்கமும் அவரை வந்தடைந்தது.

புகழின் உச்சியிலேதான் பிணக்கும் முளைத்தது. தம் இனத்தை இழிக்கும் வசைச்சொல் உரையாடலில் மீண்டும் மீண்டும் வந்ததை அவர் பொறுக்கவில்லை. மேடையில் அதனை மாற்றிப் பேசினார். ஆசிரியர் சினந்தார். பாத்திரத்தின் இயல்புக்கு அச்சொல் வேண்டும் என்பது எழுத்தாளரின் வாதம். நாள்தோறும் அதைத் தம் வாயால் ஒலிக்க வேண்டியவரோ நடிகர். 1925இல் இலண்டன் மேடையில் அவ்வேடம் பால் ரோப்சனுக்குச் சென்றது. 1933இல் வெளிவந்த திரைப்படத்திலும் அவரே நடித்தார்.

கில்பினின் நடிப்பைக் காண விழைவோர்க்கு 1926இல் வெளிவந்த 'மதுக்கடையில் பத்து இரவுகள்' என்னும் ஊமைப்படம் எஞ்சியுள்ளது. குடியால் குடும்பத்தைச் சிதைத்துப் பின் திருந்தும் தந்தையாக அதில் அவர் தோன்றுகிறார். ஆனால் அரங்கை அதிரவைத்த அக்குரல் அதில் இல்லை. உடல்நலம் குன்றி, 1930இல் தம் 51ஆம் வயதில் அவர் மறைந்தார்.

தாம் மனத்தில் கண்ட பாத்திரத்தை முழுமையாக மேடையில் நிறுத்தியவர் கில்பினே என்று, பிற்காலத்தில் ஓநீலே ஒப்புக்கொண்டார். வேடத்தை இழந்தார், தன்மானத்தை இழக்கவில்லை. பின்வந்த கறுப்பின நடிகர்கள் நிமிர்ந்து நடந்த பாதையில் அவருடைய அடிச்சுவடும் உண்டு.