கூரை இல்லாத கூண்டு: கினி பிக்குக்கு எவ்வளவு இடம் வேணும்?

இந்த வாரம் ஒரு நேயர் அனுப்பின கேள்வியிலிருந்தே ஆரம்பிச்சிடறேன். ஃப்ளாட்ல ரெண்டு கினி பிக் வளர்க்கறாங்களாம். "கடையில கிடைக்கிற கூண்டு ரொம்பச் சின்னதா இருக்கு, நானே வீட்டுல ஒண்ணு கட்டலாம்னு இருக்கேன், எவ்வளவு பெருசா கட்டணும்?" இதுதான் கேள்வி. ஒரு வரியில பதில் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அந்த அளவு எங்கிருந்து வந்ததுன்னு தேடினா, பெரு நாட்டு மலைக் கிராமத்து அடுப்பங்கரைக்குப் போய் நிக்க வேண்டியிருக்கு.

முதல்ல பெயர். இது பன்றியும் இல்லை, ஆப்பிரிக்காவில் இருக்கிற கினியாவிலிருந்து வந்ததும் இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடர்தான் இதோட சொந்த ஊர். அங்கே இதுக்குப் பேர் 'குய்'. வாயால சொல்லிப் பாருங்க, அது போடுற சத்தமே அதுதான். பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே அந்த மலை மக்கள் இதை வீட்டு விலங்காக்கிட்டாங்க. எதுக்குன்னா, சாப்பிடறதுக்கு. குஸ்கோ நகரத்து தேவாலயத்தில் மார்கோஸ் சபாட்டா 1753இல் வரைந்த 'கடைசி இரா உணவு' ஓவியம் இருக்கு. அதில் இயேசுவுக்கு முன்னாடி தட்டில் இருப்பது வறுத்த குய் தான்னு பெரும்பாலும் சொல்றாங்க. சாப்பாடு மட்டும் இல்லை. பலி கொடுக்கவும் குய், நோய் என்னன்னு கண்டுபிடிக்கவும் குய். இன்னைக்கும் சில வைத்தியர்கள் நோயாளியின் உடம்பு மேல குய்யைத் தடவி நோயை அறியும் வழக்கம் அங்கே இருக்கு.

சரி, அவங்க அதை எங்கே வெச்சு வளர்த்தாங்க? இங்கதான் எனக்கு ஆச்சரியம். கூண்டே கிடையாது. சமையலறைத் தரையில் அவிழ்த்துவிட்டுடுவாங்க. அடுப்புச் சூடு இருக்கும், மூலையில ஒதுங்க இடம் இருக்கும், காய்கறித் தோலும் புல்லும் தரைக்கே வந்துடும். மலையில ராத்திரி குளிர் கடுமையா இருக்கும், அதனால அந்த அடுப்பங்கரை அதுங்களுக்கு நல்ல வசதி. வாசல்ல கொஞ்சம் உயரமா ஒரு படி கட்டிட்டா போதும், தாண்டிப் போகாது. கினி பிக் பூனை மாதிரி ஏறாது, முயல் மாதிரி பெருசா தாவாது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வழியா இது ஐரோப்பாவுக்குப் போகுது. போன உடனே வாழ்க்கையே மாறிடுது. அங்கே பெரும்பாலும் இதைச் சாப்பிடத் தோணலை. வெளிநாட்டிலிருந்து வந்த அழகான பொம்மை மாதிரி பார்த்தாங்க. 1580 வாக்கில் வரைந்த ஒரு இங்கிலாந்து ஓவியத்தில் மூணு குழந்தைகள் நிக்கறாங்க. வரைஞ்சவர் யாருன்னு தெரியாது, குழந்தைகள் யாருன்னும் தெரியாது. ஆனா அந்தச் சிறுமி கையில் இருப்பது கினி பிக். மூணு நிறத்தில், இன்னைக்குக் கடையில் பார்க்கிற மாதிரியே.

செல்லப் பிராணி ஆன பிறகுதான் அதுக்குப் பெட்டி வந்தது. ஐரோப்பியர்களுக்கு ஏற்கெனவே முயல் வளர்த்த பழக்கம் உண்டு. முயலுக்கு அடிச்ச அதே மாதிரி மரப்பெட்டி, முன்பக்கம் கம்பிவலை, தோட்டத்தில் ஒரு ஓரம். தலைமுறை தலைமுறையா தரையில ஓடின விலங்கு, இன்னொரு விலங்கோட பெட்டிக்குள் குடியேறிடுச்சு. என் கணிப்பில், இன்னைக்கு நாம பார்க்கிற சின்னக் கூண்டுக்கு வேர் இதுதான்.

அடுத்து ஆய்வகம். இந்த விலங்கு அடைபட்ட இடங்களிலேயே வினோதமானது எதுன்னு கேட்டா, பாரிஸ்ல லவாய்சியேவும் லாப்லாஸும் செஞ்ச கருவியைத்தான் சொல்வேன். 1782-83 குளிர்காலம். ஒரு பாத்திரத்துக்குள் கினி பிக், அதைச் சுத்தி ஐஸ், வெளிச் சூடு உள்ளே வராம இருக்க அதுக்கும் வெளியே இன்னொரு அடுக்கு ஐஸ். 10 மணி நேரத்தில் அதோட உடல் சூட்டில் எவ்வளவு ஐஸ் உருகுதுன்னு எடை போட்டாங்க. சுமார் 13 அவுன்ஸ். மூச்சு விடறதும் ஒரு வகையில மெதுவா எரியறதுதான்னு அவங்க சொன்னதுக்கு இந்தக் கணக்கு ஆதாரமாச்சு. நூறு வருஷம் கழிச்சு, 1882இல் காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் நிரூபிச்சப்பவும் கினி பிக் இருந்தது. நாம தமிழ்ல 'சோதனை எலி'ன்னு சொல்றதை இங்கிலீஷ்காரங்க இந்த விலங்கின் பேரை வெச்சுத்தான் சொல்றாங்க.

இதில் 1907ஆம் வருஷக் கதை மட்டும் வளர்க்கிறவங்களுக்கு நேரடியா உதவும். நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிச் ரெண்டு பேரும் கினி பிக்குகளுக்குத் தானியத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தாங்க. கப்பல் மாலுமிகளுக்கு வருமே ஸ்கர்வி, அதே நோய் வந்துடுச்சு. பச்சைக் காய் கொடுத்தா சரியாச்சு. எலியைத் தேர்ந்தெடுத்திருந்தா இது தெரிஞ்சிருக்காது, ஏன்னா எலி தன் உடம்புலயே வைட்டமின் சி தயாரிச்சுக்கும். கினி பிக்கால முடியாது, நம்மாலயும் முடியாது. அதனால வெறும் பெல்லட்டைப் போட்டுட்டு ஆபீஸ் போகாதீங்க. புல் எப்பவும் இருக்கணும், கூடவே தினமும் கொஞ்சம் குடைமிளகாய் மாதிரி ஏதாவது.

இப்ப கூண்டுக்கு வர்றேன். 2000ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் கினி பிக் வளர்க்கிறவங்க கடைக் கூண்டு மேல வெறுத்துப்போய் சொந்தமா ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. துணி, புத்தகம் அடுக்க விக்கிற கம்பிச் சதுரங்கள் இருக்கில்ல, ஒவ்வொண்ணும் 14 அங்குலம். அதை நிறுத்தி இணைச்சா சுவர். தரைக்கு, அட்டைப்பெட்டி மாதிரி நடுவுல அலையலையா இருக்கிற பிளாஸ்டிக் ஷீட். அந்த ஊர்ல தேர்தலுக்கு வீட்டு முன்னாடி நட்டு வைக்கிற வேட்பாளர் பலகை இந்த ஷீட்லதான் செய்வாங்க. க்யூப், கோரோபிளாஸ்ட் ரெண்டையும் சேர்த்து 'சி அண்ட் சி' கூண்டுன்னு பேர் வந்தது.

கணக்கு சுலபம். ரெண்டு சதுரம் அகலம், மூணு சதுரம் நீளம் வெச்சா சுமார் 8 சதுர அடி. ரெண்டு கினி பிக்குக்கு இதைக் குறைந்தபட்சமா வெச்சுக்கறாங்க. நீளத்தை நாலாக்கினா ஏறக்குறைய 11. இடம் இருந்தா நாலே போடுங்கன்னுதான் நான் சொல்வேன், அதுங்க மேல ஏறி விளையாடறதில்லை, நீளமா ஓடறதுதான் விளையாட்டு. மாடி மேல மாடி கட்டினா நமக்குத்தான் பார்க்க அழகு.

2க்கு 3 கூண்டுக்கு உள்தரை 27க்கு 41 அங்குலம். சுத்தி 6 அங்குலம் மடிக்கணும், அதனால ஷீட் 39க்கு 53 வேணும். மடிக்கிற கோட்டில் மேல் தோலை மட்டும் கத்தியால கீறுங்க, முழுசா அறுத்துடாதீங்க. நாலு மூலையிலும் 6 அங்குலத்துக்கு வெட்டி, மடிச்சு, டேப்பை வெளிப்பக்கம் ஒட்டுங்க. உள்ளே ஒட்டினா கடிச்சுத் தின்னுடும். கம்பிச் சதுரம் வாங்கும்போது ஓட்டையைப் பாருங்க, ஒன்றரை அங்குலத்துக்கு மேல இருந்தா குட்டியோட தலை மாட்டிக்கும், அது உயிருக்கே ஆபத்து. மேலே மூட வேண்டாம், 14 அங்குலத்தை அதுங்க தாண்டாது. ஆனா வீட்டுல பூனையோ நாயோ இருந்தா மூடித்தான் ஆகணும்.

சுவாரஸ்யம் என்னன்னா, பெருவிலும் பண்ணைக்காரங்க சமையலறையை விட்டு வெளியே வந்து, செங்கல்லில் தாழ்வான தொட்டி கட்டி வளர்க்கறாங்க. சுவர் சுமார் 45 சென்டிமீட்டர், மூடி கிடையாது. அங்கே இறைச்சிக்கு, இங்கே செல்லத்துக்கு. கட்டின ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. கறிக்கு வளர்த்த குய்க்குக் கிடைச்ச தரை, கடைக் கூண்டில் இருக்கிற செல்லத்துக்குக் கிடைக்கலைங்கறது எனக்கு இன்னும் உறுத்துது.

ஒண்ணை மட்டும் தனியா வளர்க்காதீங்க. கூட்டமா வாழற விலங்கு. சுவிட்சர்லாந்தில் 2008லிருந்து ஒத்தையா வெச்சிருக்கறதே சட்டப்படி தப்பு. ஆணும் பெண்ணும் சேர்த்து வாங்கினா மூணு மாசத்தில் கூண்டு போதாது, அதையும் யோசிச்சுக்கங்க.

கடைசியா, எங்கே வைக்கறது? இது குளிர் மலையிலிருந்து வந்த விலங்கு. 30 டிகிரியைத் தாண்டினாலே வெப்பத் தாக்கு வரலாம், சென்னை மே மாசத்தைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை. பால்கனி வேண்டவே வேண்டாம். வெயில் நேரா விழாத, மதியத்தில் வீட்டிலேயே குளிர்ச்சியா இருக்கிற அறையோட தரை. அளவு எடுக்கறதுக்கு முன்னாடி, ஒரு மத்தியானம் அந்த அறையில் ஒரு தெர்மாமீட்டரை வெச்சுப் பாருங்க.