'மொழி புரியவில்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு



1990 ஒக்டோபரில் 2 மணித்தியால அவகாசத்தில் சோனகத் தெருவை விட்டுப் புறப்பட்ட கதையை, உம்மும்மாவின் பேச்சிலேயே எங்கட மாணவி ஒருத்தி எழுதினாள். சென்னைப் பதிப்பகம் ஒன்று 'மொழி புரியவில்லை' என்று திருப்பிவிட்டது. இனி எழுதமாட்டேன் என்கிறாள். அவளுக்காகத்தான் இந்தப் பழைய கதை.

மேல்நாட்டில் எழுத்தாளருக்கும் பதிப்பகத்துக்கும் நடுவே இலக்கிய முகவர் இருப்பார். 'வேண்டாம்' என்பதையும் அவரே சொல்லுவார். யாழ்ப்பாணத்தில் அந்த வேலையைப் பத்திரிகை ஆசிரியர்களும் பண்டிதர்மாரும் பார்த்தார்கள். டானியல், டொமினிக் ஜீவா போன்றோர் ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சில் எழுதியபோது, 1960களின் தொடக்கத்தில் பண்டிதர்மார் அதை 'இழிசனர் வழக்கு' என்றார்கள். கதையை மட்டுமல்ல, அந்தச் சனத்தின் வாயையே மறுத்த வார்த்தை அது.

ஜீவா முடிதிருத்தும் தொழிலாளி. கஸ்தூரியார் வீதி ஜோசப் சலூன்தான் அவருடைய இடம். அவர் பேச்சை மாற்றவில்லை. அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுப்புக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966 ஓகஸ்டில் அதே சலூனிலிருந்து 'மல்லிகை'யைத் தொடங்கினார். இதழ்களைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்றார். (இண்டைக்கு ஒரு பதிவுக்கு நாலு 'லைக்' குறைந்தாலே எங்களுக்கு முகம் வாடுது!) யுத்தம், இடப்பெயர்வு எல்லாம் தாண்டி 'மல்லிகை' 400 இதழ்களை எட்டியது.

பரிசைவிடப் பெரிது என்று நாங்கள் நினைப்பது வேறொன்று: தான் மறுக்கப்பட்டவர், மற்றவர்களுக்கு இடம் கொடுத்தார். தென்பகுதி முஸ்லிம்களின் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்த திக்குவல்லை கமால் 'மல்லிகை'யில் எழுதியவர்.

அதற்காக எல்லா மறுப்பும் அநியாயம் என்று சொல்லவரவில்லை. கதை இழுபடுகிறது, முடிவு ஒட்டவில்லை என்று இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால் உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும். ஆனால் 'ராத்தா'வை 'அக்கா' ஆக்கு என்றால் மாத்தாதேங்கோ. உம்மும்மா அப்படிக் கதைக்கவில்லை.

பழைய 'மல்லிகை' இதழ்கள் நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. கதையை அடுத்த இடத்துக்கு அனுப்ப முதல் நாலைந்தை வாசியுங்கோ. பிறகு பிரதியைப் பாடசாலைக்குக் கொண்டுவாருங்கோ, சேர்ந்து பார்ப்போம்.